ஆணித் துளையும் முற்பணமும்

2003 ஆம் ஆண்டு யட்டியாந்தோட்டையில் நான் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்த நாள் இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. சாமான்கள் எல்லாம் லொறியில் ஏற்றப்பட்டு விட்டன. வீட்டுக்காரர் ஒரு பென்சிலுடன் வந்தார். ஒவ்வோர் அறையாகச் சென்று, சுவரில் கண்ட ஒவ்வோர் ஆணித் துளையையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது மொத்தம் பதினான்கு வட்டங்கள். மணிக்கூடு மாட்டுவதற்காக நான் அடித்த கொங்கிரீட் ஆணி இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தது.

நான் கொடுத்திருந்த முற்பணம் மூன்று மாத வாடகையான 12,000 ரூபா. அதில் 7,500 ரூபாவைப் பெயின்ட் செலவுக்கென்று கழித்துக் கொண்டு மிகுதியைக் கையில் தந்தார். அந்தப் பதினான்கில் நான்கு துளைகளாவது எனக்கு முன்னர் இருந்தவர் அடித்தவை என்று சொன்னேன். நிரூபிக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இல்லையென்று நிரூபிக்க அவரிடமும் எதுவும் இருக்கவில்லை. ஐந்து வருடம் குடியிருந்த வீடு, ஐந்து நிமிட வாய்த்தர்க்கத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடங்கள் நாங்கள் இருவரும் பேசிக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒரே பள்ளிவாசலில், சில நேரம் ஒரே வரிசையில் நிற்போம். தொழுகை முடிந்து வெளியே வந்தால் ஆளுக்கொரு பக்கம். அவரது குடும்பத்தவர்கள் பெருநாளைக்கு எமது கடையில் புடவை எடுப்பதையும் நிறுத்திக் கொண்டார்கள். 7,500 ரூபாவுக்காக நான் ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்தேன். அவர் ஒரு நாளும் வாடகை பிந்தாத ஒரு குடியிருப்பாளரை இழந்தார். வியாபாரி என்ற வகையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது இருவருமே நட்டப்பட்டிருக்கிறோம்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. கடைக்கு மேலே கட்டிய இரண்டு அறைகளை நானே வாடகைக்கு விட்டிருக்கிறேன். புதிதாகத் திருமணமான ஓர் ஆசிரியத் தம்பதியினர் குடிவந்தபோது நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "செவருல ஆணி மட்டும் அடிச்சிராதீங்க." அந்தப் பிள்ளை அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப நானா, எங்கட படத்த எல்லாம் எங்க மாட்டுறது?" எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கு எழுத முனைகிறேன்.

சிறிய விடயமா?

களனி கங்கைக் கரையில், அவிசாவளையிலிருந்து ஹட்டன் செல்லும் பாதையில் அமைந்திருக்கும் எமது ஊர், சுற்றியுள்ள தேயிலை, றப்பர் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஒரு சிறு நகரம். வெளியூர்களிலிருந்து வரும் ஆசிரியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், கடைகளில் வேலை செய்வோர், புதிதாகத் தொழில் தொடங்குவோர் எனப் பலர் இங்கு வாடகைக்கு இருக்கிறார்கள். எம்மில் பலருக்குக் கடையும் வாடகை, வீடும் வாடகை.

வாடகை வீடு என்பதற்காக எவரும் வெறுஞ்சுவரைப் பார்த்துக் கொண்டு வாழ்வதில்லை. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வந்த உறவினர் கொண்டு வந்த வெல்வெட் துணியில் பின்னிய ஆயத்துல் குர்ஸி, கஃபாவின் படம் போட்ட மணிக்கூடு, மகள் மத்ரஸாவில் பெற்ற சான்றிதழ், மகன் வரைந்த யானை, திருமணத்துக்குக் கிடைத்த பத்திக் சித்திரம் என்று ஒவ்வொரு வீட்டிலும் மாட்டுவதற்கு ஏதாவது இருக்கவே செய்கிறது. இவற்றைப் பெட்டிக்குள் போட்டு வைத்துவிட்டு, சொந்த வீடு கட்டிய பிறகு மாட்டலாம் என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். சொந்த வீடு கட்டுவதற்குள் மகன் வளர்ந்து விடுவான். வெல்வெட் துணியைப் பூச்சி அரித்து விடும்.

கடையிலும் இதே கதைதான். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கடையில் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி விலைப்பட்டியலையும் காட்சிக்கு வைக்க வேண்டும். ஆக, சட்டமே எம்மைச் சுவரில் மாட்டச் சொல்கிறது. கட்டிட உரிமையாளரோ ஆணி அடிக்காதே என்கிறார். இடையில் நிற்பது வாடகைக் கடைக்காரர்.

வீட்டுக்காரரின் பக்கம்

வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. எமது பிரதேசம் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடம். பழைய வீடுகளில் பல கபுக் கல்லால் கட்டி, சுண்ணாம்புக் கலவை பூசப்பட்டவை. இந்தச் சுவரில் கொங்கிரீட் ஆணியைச் சுத்தியலால் அடித்தால், துளை விழுவதற்கு முன்னர் பூச்சு ஆட்டம் காண்கிறது. வெளியே ஆணியின் தலையளவு தெரியும். உள்ளே பூச்சு கல்லை விட்டுப் பிரிந்திருக்கும். அடுத்த மழைக்காலத்தில் ஈரம் ஏறி, பிரிந்த இடம் பொருமி விழுகிறது. சாதாரண இரும்பு ஆணி ஈரச் சுவரில் துருப்பிடித்து, கண்ணீர் வடித்தது போல் ஒரு கோட்டையும் இழுத்து விடுகிறது.

இன்னொரு விடயமும் இருக்கிறது. ஓர் ஆணித் துளையை அடைப்பதற்குச் செலவு மிகச் சொற்பம். ஒரு கரண்டி புட்டி போதும். ஆனால் அடைத்த இடத்தில் பூசும் பெயின்ட், பழைய பெயின்டின் நிறத்துடன் ஒத்துப் போகாது. ஒரே நிறத்தை வாங்கினாலும், மூன்று வருடம் வெயிலும் புகையும் பட்ட சுவரில் புதிய பெயின்ட் தனியாகத் தெரியும். எனவே ஒரு துளைக்காக முழுச் சுவரையும், சில நேரம் முழு அறையையும் பூச வேண்டி வருகிறது. மேசன் பாஸுக்கு ஒரு நாள் கூலி, பெயின்ட், சாமான். வீட்டுக்காரர் கழிக்கும் தொகை இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் அவர் மறந்து விடும் ஒரு கணக்கும் உண்டு. எமது கடைத் தராசுக்கும் அலுமாரிக்கும் வருடா வருடம் தேய்மானம் போடுகிறோம் அல்லவா? பெயின்டுக்கும் தேய்மானம் உண்டு. உதாரணமாக, ஓர் அறைக்குப் பெயின்ட் பூச 20,000 ரூபா செலவாகிறது, அது ஐந்து வருடம் தாக்குப்பிடிக்கும் என்று வைத்துக் கொள்வோம். குடியிருந்தவர் நான்கு வருடத்தில் வெளியேறினால், அந்தப் பெயின்டில் மிஞ்சியிருக்கும் பெறுமதி ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4,000 ரூபா மாத்திரமே. சுவர் எவ்வளவு பழுதாகியிருந்தாலும் பெயின்டுக்காக அதற்கு மேல் கேட்பது, பழைய பெயின்டைக் கொடுத்துப் புதிய பெயின்டை வாங்குவதாகும். 2003 இல் நான் வெளியேறிய வீடு, நான் குடிபோவதற்கு முன்னரே பெயின்ட் பூசப்பட்டது. எப்படியும் அந்த வருடம் அவர் பூசித்தான் இருப்பார். இதை அன்று நிதானமாக எடுத்துச் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

எமது நாட்டில் வாடகை தொடர்பான அடிப்படை, ரோமன் டச்சுச் சட்டம். அதன் பொது விதி இலகுவானது. பெற்றுக் கொண்ட நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். நியாயமான பாவனையால் ஏற்படும் தேய்வு இதில் சேராது. ஒரு படத்துக்கு ஓர் ஆணி நியாயமான பாவனையா, பதினான்கு ஆணிகளும் நியாயமான பாவனையா என்பதைச் சட்டம் எண்ணிச் சொல்வதில்லை. அதை இரு தரப்பினரும்தான் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம், முற்பணத்துக்கு ஓர் எல்லை போட்டது. அதே வேளை, குடியிருப்பவரின் செயலாலோ கவனயீனத்தாலோ கட்டிடத்தின் நிலை சீர்கெட்டால், அதை வெளியேற்றுவதற்கான ஒரு காரணமாகவும் ஏற்றுக் கொண்டது. அந்தச் சட்டம் வந்த காலத்தில் நாட்டின் நிதி அமைச்சராக இருந்தவர், எமது யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் கலாநிதி என்.எம். பெரேரா என்பதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பிற்காலத்தில் வந்த திருத்தங்களால், குறிப்பாக 2002 ஆம் ஆண்டின் திருத்தத்தால், பல கட்டிடங்கள் அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே சென்றுவிட்டன. எனவே உங்கள் வீடோ கடையோ அதற்குள் வருகிறதா என்பதை ஒரு நொத்தாரிசிடம் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.

நொத்தாரிசு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். எம்மவர்கள் பலர் முத்திரை ஒட்டிய ஒரு கடதாசியில் இரண்டு கையெழுத்தைப் போட்டு, ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் செய்து விட்டதாக நினைத்துக் கொள்கிறார்கள். நொத்தாரிசிடம் போகிறவர்களும் வாடகைத் தொகை, காலம், முற்பணம் ஆகிய மூன்றையும் எழுதி விட்டு வந்து விடுகிறார்கள். சுவரைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம் வலியுறுத்துவதை ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடனுக்கு எழுதும் நாம், அமானிதமாகப் பெற்ற சுவருக்கு எழுதுவதில்லை.

இது எமது ஊரில் மட்டும் உள்ள பிரச்சினையல்ல. ஜெர்மனியில் இந்தத் துளை விவகாரம் அந்நாட்டின் சமஷ்டி உயர் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. வழமையான அளவில் சுவரில் துளையிடுவது வீட்டைப் பாவிப்பதன் ஒரு பகுதியே என்றும், எல்லாத் துளைகளையும் குடியிருப்பவரே தெரியாதபடி அடைக்க வேண்டும் என்று அச்சடித்த படிவத்தில் பொதுவாக நிபந்தனை போட முடியாது என்றும் 1993 ஆம் ஆண்டில் அந்த நீதிமன்றம் தீர்த்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஏப்ரல் முதல், குடியிருப்பவர் கொடுக்கும் வைப்புப் பணத்தை வீட்டுக்காரர் தன் கைவசம் சும்மா வைத்திருக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட ஒரு திட்டத்தின் கீழ் அதைப் பாதுகாக்க வேண்டும். தகராறு வந்தால் மூன்றாம் தரப்பு தீர்த்து வைக்கும். அந்தத் தீர்ப்புக்கு முக்கிய ஆதாரம், குடிவரும் நாளில் இருவரும் கையெழுத்திட்ட பொருட்பட்டியலும் படங்களும்தான். இலண்டனில் இருக்கும் உறவினரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

அப்படியொரு திட்டம் எம்மிடம் இல்லை. ஆனால் படம் எடுக்கும் தொலைபேசி எல்லோர் கையிலும் இருக்கிறது.

எமது சுவருக்கு எது பொருந்தும்?

இனி, மாட்டும் வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, ஒட்டுக் கொக்கிகளும் ஒட்டுப் பட்டிகளும். அமெரிக்காவின் த்ரீ எம் கம்பனியின் கமான்ட் பட்டிகள் உலகெங்கும் வாடகை வீடுகளில் பிரபலமானவை. பெரிய அளவுப் பட்டிகளில் நான்கு சோடி சேர்ந்து ஏறத்தாழ 7 கிலோ வரை தாங்கும் என்று பொதியிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். கழற்றும்போது பட்டியின் வாலைப் பிடித்துச் சுவரோடு சேர்த்துக் கீழ்நோக்கி மெதுவாக இழுத்தால், அது றப்பர் போல் நீண்டு தடயமின்றி வந்துவிடும். நம்மை நோக்கி இழுத்தால் பெயின்டும் சேர்ந்து வரும்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் வழவழப்பான, காய்ந்த, நன்றாகப் பெயின்ட் பிடித்த சுவருக்குரியது. சுண்ணாம்பு அடித்த சுவரிலும், கையில் தூள் ஒட்டும் டிஸ்டெம்பர் சுவரிலும் பட்டி ஒட்டுவது சுவரில் அல்ல, தூளில். இரவில் படம் விழுந்து கண்ணாடி உடைந்த பிறகுதான் அது தெரிய வரும். இதற்கு ஓர் இலகுவான பரீட்சை உண்டு. ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைச் சுவரில் அழுத்தி ஒட்டி, பிய்த்துப் பாருங்கள். டேப்பில் வெள்ளைத் தூளோ பெயின்டோ வந்தால் அந்தச் சுவருக்கு ஒட்டுப் பட்டி சரிவராது. எதுவும் வராவிட்டால், மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டால் அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டலாம். புதிதாகப் பெயின்ட் பூசிய சுவரென்றால் குறைந்தது ஒரு வாரம் பொறுக்க வேண்டும். எமது மழைக்காலத்தில் அதைவிடக் கூடுதலாகப் பொறுப்பதே புத்தி.

சாதாரண டபள் டேப்பை இதற்குப் பாவிக்கவே வேண்டாம். அது ஒட்டினால் விடாது. விட்டால் பெயின்டோடு வரும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் கையால் பிய்க்காமல், தங்கூசி நூலை டேப்புக்குப் பின்னால் விட்டு, மரம் அறுப்பது போல் இரு பக்கமும் இழுத்து அறுத்து எடுங்கள். மிச்சப் பிசினை விரலால் உருட்டி எடுக்கலாம்.

இரண்டாவது, மாட்டாமல் வைப்பது. அலுமாரியின் மேலும் மேசையின் மேலும் படத்தைச் சாய்த்து வைக்கலாம். கீழே வழுக்காதிருக்க ஒரு றப்பர் துண்டு போதும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கண்ணாடிப் பிரேமுக்கு இது உகந்ததல்ல.

மூன்றாவது, ஆணியேதான். சுத்தியலால் அடிக்காமல், துளையிட்டு றோல் பிளக் போட்டு ஸ்க்ரூ பூட்டுவது. துளையிடும் இடத்தில் முதலில் மாஸ்கிங் டேப்பை ஒட்டினால் பூச்சு உதிராது. சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிட வேண்டாம். உள்ளே மின்கம்பி போகும். அஸ்பெஸ்டஸ் தகட்டிலும் சீலிங்கிலும் துளையிடவே வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்தானது. இரும்பை விடப் பித்தளை ஸ்க்ரூ நல்லது, துருக்கறை வராது. கழற்றிய பின் துளையை வோல் ஃபில்லரால் நிரப்பி, காய்ந்ததும் அரத்தாள் தேய்த்து விடலாம். பற்பசையாலும் சவர்க்காரத்தாலும் அடைத்து வீட்டுக்காரரை ஏமாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது காய்ந்து சுருங்கி, ஒரு மாதத்தில் உங்களைக் காட்டிக் கொடுத்து விடும்.

எந்த வழியென்றாலும், மழை அடிக்கும் பக்கத்து வெளிச்சுவரில் படம் மாட்டாதீர்கள். உட்சுவரே பாதுகாப்பு. பிரேமின் பின்புறம் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறு றப்பர் துண்டுகளை ஒட்டிவிட்டால், சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றோட்டம் இருக்கும். இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சணம் பிடித்து, படமும் கெட்டு, சுவரும் கறுத்து விடும்.

ஒரு ரீப்பை போதும்

மேற்சொன்ன எல்லாம் குடியிருப்பவர் செய்ய வேண்டியவை. ஆனால் எனது அபிப்பிராயத்தில், இந்தப் பிரச்சினைக்கு உண்மையான தீர்வு வீட்டுக்காரரின் கையில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி காலத்து வீடுகளில், சுவரின் மேற்பகுதியில் அறையைச் சுற்றி ஒரு மரச் சட்டம் ஓடும். படங்களைச் சுவரில் ஆணியடித்து மாட்ட மாட்டார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு கொக்கியைப் போட்டு, அதிலிருந்து கம்பியிலோ கயிற்றிலோ தொங்க விடுவார்கள். படத்தை எத்தனை தடவை இடம் மாற்றினாலும் சுவருக்கு ஒன்றும் ஆகாது.

அதையே எமது அளவில் செய்யலாம். அறையைச் சுற்றி வேண்டியதில்லை. அறைக்கு ஒன்றாக, ஈரமில்லாத உட்சுவரில், கதவு நிலைக்குச் சற்று மேலே இரண்டுக்கு ஒரு அங்குல ரீப்பை ஒன்று. பத்தடி நீளமென்றால் இரண்டடிக்கு ஒன்றாக ஆறு ஸ்க்ரூ. கறையான் பிடிக்காதிருக்க மரத்துக்கு மருந்து பூசி, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்து விட்டால் அசிங்கமாகவும் இருக்காது. குடிவருபவர் அந்த மரத்தில் தனக்கு வேண்டிய இடத்தில் சிறு திருகு கொக்கிகளைப் பூட்டி, தங்கூசியிலோ, பாரமான படமென்றால் மெல்லிய இரும்புக் கம்பியிலோ தொங்க விடலாம். பத்து வருடத்தில் ஐந்து குடும்பங்கள் வந்து போனாலும் சுவரில் இருப்பது அதே ஆறு ஸ்க்ரூதான். மரம் துளையாகிப் போனால் ரீப்பையை மட்டும் மாற்றலாம். சுவரை மாற்ற முடியாது.

எனது இரண்டு அறைகளிலும் இதைச் செய்தேன். மரமும், ஸ்க்ரூவும், பாஸின் அரை நாள் கூலியும் சேர்ந்தாலும், ஒரு சுவருக்குப் பெயின்ட் பூசும் செலவை எட்டவில்லை. அந்த ஆசிரியத் தம்பதியினரின் படங்கள் இன்று ஒரே வரிசையில் தொங்குகின்றன. நான் மேலே போகும் போதெல்லாம் சுவரை உற்றுப் பார்ப்பதை விட்டு விட்டேன்.

சில வீட்டுக்காரர்கள் கேட்கக்கூடும்: "இன்றைக்கு ரீப்பை, நாளைக்கு அலுமாரி கேட்பார்களே?" கேட்கட்டுமே. கேட்பவரிடம் இல்லையென்று சொல்லலாம். ஆனால் கேட்காமல் இரவோடிரவாகக் கொங்கிரீட் ஆணி அடிப்பவரை என்ன செய்ய முடியும்? ஆணியே கூடாது என்று சொன்ன வீடுகளில்தான் அதிக துளைகளைக் காண்கிறோம். மாட்ட இடம் கொடுக்காவிட்டால் மனிதன் தானாக ஓர் இடத்தைத் தேடிக் கொள்வான்.

ஒப்பந்தத்தில் சேர்க்க ஐந்து வரிகள்

ரீப்பை பூட்டினாலும் எழுத்து அவசியம். அடுத்த முறை நொத்தாரிசிடம் போகும்போது பின்வருவனவற்றையும் ஓர் அட்டவணையாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று, குடிவரும் நாளில் ஒவ்வொரு சுவரையும் திகதியுடன் படமெடுத்து, ஏற்கெனவே உள்ள துளைகளையும் வெடிப்புகளையும் எழுதி இருவரும் கையெழுத்திடுவது. இரண்டு, எங்கு மாட்டலாம், எங்கு கூடாது என்பது. மூன்று, சுவருக்கு இத்தனை துளை வரை சாதாரண பாவனை, அதற்குப் பணம் கழிப்பதில்லை என்பது. நான்கு, அதற்கு மேற்பட்ட சேதத்துக்குப் பெயின்டின் வயதைக் கணக்கிட்டே கழிப்பது. ஐந்து, வெளியேறி இத்தனை நாட்களுக்குள் மிகுதி முற்பணத்தைக் கொடுப்பது.

இவ்வளவுக்குப் பிறகும் தகராறு வந்தால், நீதிமன்றம் வரை ஓட வேண்டியதில்லை. இணக்க சபை என்று நாம் அழைக்கும் மத்தியஸ்த சபை, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட சிறு தொகைப் பிணக்குகளுக்காகவே அமைக்கப்பட்டது. அங்கு செல்லும்போதும், கையில் கையெழுத்திட்ட பட்டியல் இருப்பவரின் வார்த்தைக்குத்தான் பெறுமதி.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

ஹார்ட்வெயார் கடை வைத்திருப்போருக்கும், பிரேம் போட்டுக் கொடுப்போருக்கும், பெயின்ட் விற்போருக்கும் இதில் ஒரு வியாபாரம் இருக்கிறது. றோல் பிளக், பித்தளை ஸ்க்ரூ, திருகு கொக்கி, தங்கூசி, சிறு பைக்கற் ஃபில்லர், ஒரு துண்டு அரத்தாள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு விற்றால் வாடகை வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் வாங்குவார். பெயின்ட் வாங்க வருபவரிடம், நிற இலக்கத்தை எழுதி மிச்சப் பெயின்டில் அரை லீற்றரை மூடி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை துளை அடைக்கும்போது முழுச் சுவருக்குப் பதிலாக ஒரு திட்டு பூசினால் போதுமாக இருக்கலாம். ஒரு வாளிப் பெயின்ட் விற்பனை எமக்குக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புத்தியைச் சொன்ன கடையை அவர் மறக்க மாட்டார்.

இன்னொரு சாராரையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். எமது நகரின் கடைகள் தோட்ட மக்களின் சம்பள நாளை எதிர்பார்த்து நிற்பவை. அவர்கள் வாழும் லயன் அறையின் சுவர் அவர்களுடையதல்ல, தோட்டத்துடையது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் எம்மிடம் படமும் மணிக்கூடும் வாங்கிச் சென்று, தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு அடித்த அந்தச் சுவரில்தான் மாட்டுகிறார்கள். அந்தச் சுவரில் நிற்காது என்று தெரிந்து கொண்டே ஒட்டுக் கொக்கியை விற்பது நேர்மையான வியாபாரமல்ல. "என்ன சுவர்?" என்று ஒரு கேள்வி கேட்டு விட்டு, கண்ணாடிக்குப் பதிலாகப் பாரமில்லாத பிரேமையும் ஒரு துண்டு ரீப்பையையும் கொடுத்தால், விழாத படத்தைப் பார்க்கும் போதெல்லாம் அவர்கள் எமது கடையை நினைப்பார்கள்.

என்னிடமிருந்து 7,500 ரூபா கழித்த அந்த வீட்டுக்காரர் இன்று உயிருடன் இல்லை. அவர் வபாத்தாவதற்குச் சில வருடங்களுக்கு முன்னரே எங்கள் மனஸ்தாபம் தீர்ந்து விட்டது. ஒரு நாள் கடைக்கு வந்து சிரித்துக் கொண்டே சொன்னார்: "தம்பி, நீங்க போன பொறகு வந்தவன் இருபத்தியொரு ஆணி அடிச்சான்." இருவரும் சேர்ந்து சிரித்தோம். இரண்டு வருட மௌனத்துக்குக் காரணம் அவரும் அல்ல, நானும் அல்ல. எழுதாமல் விட்ட ஒரு கடதாசியும், பூட்டாமல் விட்ட ஒரு ரீப்பையும்தான்.

இந்தக் கிழமை வீடோ கடையோ வாடகைக்குக் கொடுக்கவோ எடுக்கவோ இருக்கும் சகோதரர்கள், சாவியைக் கைமாற்றுவதற்கு முன்னர் ஒரு தடவை சுவர்களை ஒன்றாகச் சுற்றிப் பாருங்கள். பென்சிலால் வட்டம் போடுவதற்கு உகந்த நாள் குடிவரும் நாளேயன்றி, வெளியேறும் நாளல்ல.